சுவை பார்த்துத் தரம் காணுதல்
பனையும் மெக்சிகோக் கற்றாழையும்

நெசவாளர் ஒருவர் கழி நூலைக் கையில் எடுத்ததும் அதன் இலக்கத்தைக் கேட்பதில்லை. இழையொன்றைப் பிரித்து இரண்டு விரல்களுக்கிடையே உருட்டுகிறார்; சற்றே இழுத்துப் பார்க்கிறார்; 40-ம் நம்பரா, 60-ம் நம்பரா, முறுக்குப் போதுமா, போதாதா என்று சொல்லிவிடுகிறார். பல்லாண்டுப் பழக்கம் அவர் விரலுக்கு அத்திறனைத் தந்திருக்கிறது. பனையேறும் தொழிலாளிக்கு அந்தத் திறன் நாவிலே இருக்கிறது. கலயத்தை இறக்கி ஒரு துளியை நாவில் விட்டதும், சுண்ணாம்பு மிகுந்ததா, குறைந்ததா, இரவில் வெம்மை கூடிச் சாறு புளிக்கத் தொடங்கியதா என்பதை அவர் அறிவார். ஆனால் விரலின் தீர்ப்புக்கு நமது சங்கங்களில் மதிப்பு உண்டு. நாவின் தீர்ப்புக்கு இன்னும் அந்த மதிப்பு ஏற்படவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றைக் கூறிவிடுகிறோம். ஒரு கொள்முதல் நிலையத்தில் இருவர் கருப்பட்டி கொண்டுவந்திருந்தனர். ஒருவருடையது பனஞ்சாற்றை மட்டுமே காய்ச்சி வார்த்தது. மற்றவருடையதில் சீனி கலந்திருந்தது. உடைத்த இடத்தில் படிகம் மின்னியதை நாமே கண்டோம். தராசு இரண்டையும் ஒரே வகையாக நிறுத்தது. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே விலை எழுதப்பட்டது. முதலாமவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “ஐயா, அப்படியானால் நாளை முதல் நானும் சீனி கலக்கட்டுமா?” என்று கேட்டார். கோபமாக அவர் கேட்கவில்லை, கணக்காகவே கேட்டார். அங்கிருந்த எவராலும் விடை கூற இயலவில்லை. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை. அதற்காக வாசகர்களைச் சற்றுத் தொலைவு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

கடல் கடந்த ஒரு வேலிச்செடி

நம் பக்கத்தில் வேலியோரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் ஆனைக்கற்றாழை நிற்பதை யாவரும் கண்டிருப்பர். தடித்து நீண்ட மடல். விளிம்பிலும் நுனியிலும் முள். மடலைச் சிதைத்து நார் எடுத்துக் கயிறு திரிப்பர். மருந்துக்குரிய சோற்றுக் கற்றாழை வேறு; இது வேறு. இந்த ஆனைக்கற்றாழை நமது மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் தாயகமான மெக்சிகோ நாட்டில் இவ்வினத்தைச் சேர்ந்த பல செடிகள் உண்டு. அவற்றுள் நீலக் கற்றாழை என்ற ஒன்றிலிருந்து வடிக்கப்படும் மதுவே உலகெங்கும் விலைபோகும் டெக்கீலா. ஹாலிஸ்கோ மாநிலத்தில் அப்பெயருடைய ஊர் ஒன்று இருக்கிறது; ஊரின் பெயரே பண்டத்தின் பெயராயிற்று.

அந்நாட்டு மக்கள் கற்றாழையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றனர். முதலாவது முறை நமக்கு மிகவும் பழக்கமானது. ஒருவகைப் பெருங்கற்றாழை பூக்கும் பருவத்தை எட்டும்போது அதன் நடுக்குருத்தை அகற்றிக் குழி செய்கின்றனர். குழியில் இனிய சாறு ஊறுகிறது. தொழிலாளி நாள்தோறும் காலையும் மாலையும் வந்து, நீண்ட சுரைக்குடுக்கையால் அதை உறிஞ்சி எடுத்து, குழியை மறுபடி சுரண்டிவிட்டுச் செல்கிறார். அந்தச் சாற்றுக்கு ‘தேன்நீர்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. அது புளித்தால் புல்கே என்னும் வெண்ணிறக் கள். பெயரை மாற்றினால் போதும். வில்லியனூரிலோ பாகூரிலோ நிகழும் தொழிலை விவரித்ததாகவே இருக்கும். பாளை சீவுவதற்கு மாறாகக் குழி சுரண்டுகிறார்கள், அவ்வளவே வேற்றுமை. புல்கேயைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுள் முக்கியமான ஒன்று நமது கள்ளிலும் காணப்படுகிறது என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை.

இரண்டாவது முறை டெக்கீலாவுக்குரியது. நீலக் கற்றாழை முற்றுவதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். முற்றியதும் கூரிய வட்டக் கத்தி பொருத்திய கழியால் மடல்களையெல்லாம் சீவிவிடுகின்றனர். அன்னாசிப் பழம் போன்ற தண்டு எஞ்சுகிறது. 30 முதல் 70 கிலோ வரை எடை இருப்பது சாதாரணம். அதைப் பிளந்து செங்கற்சூளையிலோ நீராவிக் கொப்பரையிலோ வேகவைக்கின்றனர். வேகும்போது தண்டிலுள்ள மாவு போன்ற பொருள் சர்க்கரையாகிறது. பனங்கிழங்கோ சர்க்கரைவள்ளிக்கிழங்கோ சுட்டால் எழும் மணத்தை இதற்கு உவமை கூறலாம். வெந்ததை நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து, இருமுறை வடிக்கின்றனர்.

ஒன்றுக்கொன்று ஒப்பிடும் முறை

டெக்கீலா எல்லாம் ஒன்றல்ல. அந்நாட்டுச் சட்டம் அதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வடித்தபடியே பெரும்பாலும் நிறமின்றி இருப்பது ‘பிளாங்கோ’, அதாவது வெள்ளை. ஓக் மரப் பீப்பாயில் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் இருந்தது ‘ரெபொசாதோ’, அதாவது ஓய்வெடுத்தது. ஓராண்டுக்குக் குறையாதது ‘அன்யேஹோ’, அதாவது முதிர்ந்தது. மூன்றாண்டுக்குக் குறையாதது மிக முதிர்ந்தது. வெள்ளையில் வெந்த கற்றாழையின் இனிப்பும் பச்சைப் புல்லின் வாடையும் மிளகின் காரமும் நேராகத் தெரியும். பீப்பாயில் நாள் ஏற ஏற மரத்தின் மணம் மேலோங்கி, வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும் போன்ற சுவை கூடி, செடியின் குரல் தாழும். ஆகவே செடியை அறிய விரும்புவோர் வெள்ளையிலிருந்தே தொடங்குகின்றனர். முதிர்ந்ததிலிருந்து தொடங்கினால் பின்னர் வருவதன் மென்மையை நாக்கு உணராது.

மண்ணும் சுவையில் பேசுகிறது. மேட்டுநிலச் செம்மண்ணில் விளைந்த கற்றாழையின் மது பழத்தின் இனிமை உடையதென்றும், டெக்கீலா ஊரைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் விளைந்தது பூண்டு மூலிகையும் மண்வாசனையும் கூடியதென்றும் பொதுவாகக் கூறுவர். காய்ச்சுவோர் கைவண்ணத்தால் இது மாறவும் கூடும்.

தேர்ந்தவர்கள் சுவை பார்க்கும் விதம் கவனிக்கத்தக்கது. குறுகிய வாயுடைய சிறு கண்ணாடிக் குவளையில் சிறிதளவே வார்க்கின்றனர். போத்தலின் பெயர் தெரியாதபடி குவளைக்கு இலக்கம் மட்டும் இடுகின்றனர். முதலில் ஒளியில் நிறம் பார்ப்பது. பிறகு குவளையைச் சுழற்றி முகர்வது. பிறகு சில துளிகளை நாவெங்கும் பரப்பி, மூச்சை மெல்ல வெளிவிட்டு, துப்பிவிடுவது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தண்ணீரும் சுவையற்ற ரொட்டித் துண்டும். உப்பும் எலுமிச்சையும் கூட்டி ஒரே மடக்காக விழுங்கும் வழக்கம் கேளிக்கைக்கு உரியது; தரம் காண்பதற்கு அது தடை. தரம் காண்பவர் குடிப்பவரல்லர் என்பதை நம் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நமக்கு முக்கியமானது மற்றொன்று. சட்டப்படி டெக்கீலா இரு பிரிவு. ஒன்று, சர்க்கரை முழுவதும் நீலக் கற்றாழையிலிருந்தே பெறப்பட்டது. ‘100 சதவீதம் கற்றாழை’ என்று அதன் சீட்டில் பொறிக்கப்படும். மற்றொன்றில் கற்றாழைச் சர்க்கரை 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். மீதிக்குக் கரும்பு முதலியவற்றின் சர்க்கரை சேரலாம். கலப்பதை அவர்கள் முற்றிலும் தடுக்கவில்லை. ஆனால் கலக்காதவன் தான் கலக்காததை உலகறியச் சொல்லவும், அதற்குரிய விலையைக் கேட்கவும் வழி செய்தனர். 1974-ல் அப்பெயருக்கு ஊர்க்காப்பு அளிக்கப்பட்டது. ஹாலிஸ்கோவிலும் வேறு நான்கு மாநிலங்களின் குறித்த பகுதிகளிலும் தவிர வேறெங்கும் செய்யும் மதுவை அந்நாட்டுச் சட்டம் டெக்கீலா என்று ஏற்பதில்லை. 1994-ல் கண்காணிக்கும் மன்றமும் ஏற்பட்டது. நமது நாட்டிலும் தக்காணத்துக் கற்றாழையிலிருந்து மது வடிக்கும் தொழில் இந்நூற்றாண்டில் தோன்றியிருக்கிறது; அதைச் செய்வோர் டெக்கீலா என்ற பெயரை இட்டுக்கொள்வதில்லை.

அங்கும் எல்லாம் குறைவற்றதன்று. நிறமூட்டும் கருகிய சர்க்கரை, மரச்சாறு, இனிப்புப் பாகு முதலியவற்றை எடையில் ஒரு சதவீதத்துக்கு மேற்படாமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே பொன்னிறம் கண்டு முதிர்ச்சியை முடிவுசெய்தல் பிழை. கருப்பட்டியின் கருமை கண்டு அதன் தூய்மையை முடிவுசெய்வதும் அத்தகைய பிழையே.

நாவினால் அறிய முடியாதது

சுவையின் பெருமையைக் கூறும் இடத்தில் அதன் எல்லையையும் கூறாவிடில் நாம் கடமை தவறியவர்களாவோம். மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சாராயம், குடிக்கும் சாராயத்தைப் போன்றே நிறமற்றது. மணத்திலும் சுவையிலும் எளிதில் பிரித்தறிய இயலாதது. உடலுக்குள் சென்றபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கிறது. 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். தீங்கு உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்தே தெரிகிறது. 2023 மே மாதத்தில், நமக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த கடற்கரைக் குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இவ்விஷம் கலந்த சாராயத்தால் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலி வேலை செய்தோர். அவர்கள் நாவில் குறை எதுவும் இல்லை. நாவால் அறியக்கூடியதன்று அந்த விஷம்.

டெக்கீலாவிலும் இயற்கையாகவே சிறிது மெத்தனால் உண்டாகிறது. அதற்காகவே, தூய சாராயம் 100 மில்லிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்று மெக்சிகோவின் விதி வரம்பிட்டு, சோதனைச்சாலையில் அளந்து பார்க்கச் செய்கிறது. கள்ளில் போதை கூட்டத் தூக்க மருந்துகளைக் கலக்கும் கொடுமையும் நம் நாட்டின் பல பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்டதே. ஆகையால் விஷம் அறிவது சோதனைச்சாலையின் வேலை. தரம் அறிவது நாவின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கலாகாது. ஊர் பேர் தெரியாத சாராயத்தைச் சுவைத்துப் பார்த்துச் சோதிக்கலாம் என்று எவரும் எண்ணற்க.

நமது சாறும் அதன் இயல்பும்

இனி நமது ஊருக்கு வருவோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் பனை நிற்கிறது. தோப்புகளில் தென்னை நிற்கிறது. பனையும் தென்னையும் நெடுங்காலமாக அரசுக்கும் வருவாய் தந்தவை. பல்லவர் காலச் சாசனங்களில் கள்ளிறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி என்னும் வரி காணப்படுகிறது. இன்று நமது பகுதியின் நிலை தனித்தன்மை உடையது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுவையில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. பாகூர்ப் பகுதியோ கடலூர் மாவட்ட நிலத்தால் சூழப்பட்டது. எனவே எல்லைக்கு இப்பால் நிற்கும் மரத்தின் கள் சட்டத்துக்கு உட்பட்டது. வயலொன்று தாண்டி அப்பால் நிற்கும் மரத்தின் கள் குற்றம். பதநீருக்கும் கருப்பட்டிக்கும் இரு பக்கமும் தடையில்லை. இதனாலேயே அவற்றின் தரத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றே. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். புதிய சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு சர்க்கரை இருக்கிறது. பெரும்பகுதி கரும்புச் சர்க்கரை இனத்தைச் சேர்ந்த சுக்ரோஸ். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சாறு சொட்டத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பிக்கின்றன. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி அவற்றை அடக்குகிறது. அடக்காவிட்டால் சில மணி நேரத்தில் நுரை பொங்கி, சர்க்கரை சாராயமாகி, பொதுவாக நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சாராயம் கொண்ட கள்ளாகிறது. மேலும் விட்டால் காடியாகிறது.

பனஞ்சாறு பருவத்துக்கு உரியது. தை மாசியில் தொடங்கி ஆனி வரை கிடைப்பது. தென்னஞ்சாறு ஆண்டு முழுவதும் கிடைப்பது. பனஞ்சாற்றில் இனிப்போடு ஒரு கனமும் புகை போன்ற மணமும் உண்டு. தென்னஞ்சாறு இலேசானது, இளநீரின் சாயல் உடையது. இரண்டையும் ஒரே அண்டாவில் ஊற்றினால் இரண்டின் குணமும் கெடும். ஆண்பனைச் சாற்றுக்கும் பெண்பனைச் சாற்றுக்கும் வேற்றுமை கூறும் தொழிலாளிகளும் உளர்; அவர்கள் சொல்லைத் தள்ளிவிடாமல் தனித்தனியே குறித்து வைத்தல் நலம்.

பதநீர் வாங்கும் இடத்தில் நாவுக்குத் துணையாக இரண்டு எளிய சோதனைகள் உண்டு. மஞ்சள் தோய்த்து உலர்த்திய தாளை நனைத்தால், சுண்ணாம்பு மிகுந்த பதநீரில் அது சிவக்கும். நீல லிட்மஸ் தாள் சிவந்தால் சாறு புளித்துவிட்டது என்று பொருள். இரண்டு தாளும் மிகச் சிறிய செலவு.

கொள்முதல் மேடையில் செய்யத்தக்கது

கருப்பட்டி நல்லதாவதும் கெடுவதும் காய்ச்சுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஏறக்குறைய 8 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். புளித்த சாற்றைக் காய்ச்சினால் சுக்ரோஸ் உடைந்து, உறையாத சர்க்கரைகளாகிவிடுகிறது. அக்கருப்பட்டி இறுகாது, மழைக்காலத்தில் கசியும், நாவில் புளிப்பு நிற்கும். சுண்ணாம்பைத் தெளியவைத்து வடிகட்டாமல் காய்ச்சினால் நாவில் மாவு போல் ஒட்டிக் காந்தும். தீ மிகுந்தால் கசக்கும். சீனி கலந்தால் இனிப்பு முதலில் பாய்ந்து விரைவில் மறையும். பனையின் கனமும் பின்சுவையும் இரா. இவை ஒவ்வொன்றும் நாவுக்குத் தெரியும் குறைகள். ஆயினும் ஒருவர் நாவை மட்டும் நம்பி விலை குறைத்தால் அது பகைக்கு வித்தாகும். எனவே கீழ்க்கண்ட முறையைச் சங்கங்களுக்குப் பரிந்துரைக்கிறோம்.

ஒன்று: வந்த சரக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வட்டை எடுத்து, உரியவர் பெயரை நீக்கி, இலக்கச் சீட்டு மட்டும் வைக்க வேண்டும். எவருடைய சரக்கு என்று சுவைப்போர் அறியலாகாது.

இரண்டு: சுவைப்போர் மூவர் இருத்தல் வேண்டும். ஒருவர் பனைத் தொழிலாளி. ஒருவர் வீட்டில் காய்ச்சிப் பழகிய பெண்மணி. ஒருவர் சங்க ஊழியர். வெற்றிலை, புகையிலை போட்ட வாயோடு அமரலாகாது.

மூன்று: வட்டை உடைத்து உட்புறம் பார்த்தல்; முகர்தல்; பட்டாணியளவு துண்டை மெல்லாமல் நாவில் கரையவிடுதல்; வாய் கொப்பளித்து அடுத்ததற்குச் செல்லுதல். மென்மையானதிலிருந்து தொடங்கிக் கனமானதற்குச் செல்ல வேண்டும். டெக்கீலாவை வெள்ளையிலிருந்து தொடங்குவது போல.

நான்கு: ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குவளையில் விட்டு, அடியில் மணலோ சுண்ணாம்போ தங்குகிறதா என்று காணுதல்.

ஐந்து: மணம், சுவை, பின்சுவை, இறுக்கம், தெளிவு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண் இட்டு, மூவரும் ஒருவரையொருவர் கலக்காமல் எழுதியபின்பே கூட்டிப் பார்த்தல். மூவர் எண்ணும் பெரிதும் வேறுபட்டால் மறுபடி சுவைத்தல். கலப்பென்று ஐயம் எழுந்தால் சோதனைச்சாலைக்கு அனுப்புதல்.

இம்முறையில் முதல் தரம், இரண்டாம் தரம், கலப்புச் சரக்கு என்று மூன்று விலை ஏற்படும். கலப்பை வாங்குவதா, மறுப்பதா என்பதைச் சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வாங்கினாலும் கலப்பென்று எழுதியே விற்க வேண்டும். நெசவாளர்களுக்கு இது புதிதன்று. அசல் பட்டுக்கு 2004 முதலும் கைத்தறிக்கு 2006 முதலும் முத்திரைகள் நடைமுறையில் இருக்கின்றன. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றபோது நெசவாளர் அடைந்த துன்பமே இன்று பனைத் தொழிலாளி அடையும் துன்பம். இரு தொழிலாரும் ஒரே சங்கப் பத்திரிகையைப் படிப்பவர்கள். ஒருவர் துன்பம் மற்றவருக்குப் புரியாதிருக்க நியாயமில்லை.

பெயருக்கும் காவல் வேண்டும்

தரம் நிலைபெற்றபின் பெயர் தேட வேண்டும். கோவாவின் முந்திரிப்பழ மதுவான ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் கிடைத்தது. இதற்காக நெடுந்தொலைவு பார்க்க வேண்டியதும் இல்லை. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைக்கே அக்குறியீடு உண்டு. களிமண்ணுக்குக் கிடைத்த பெயர் கருப்பட்டிக்குக் கிடைக்கலாகாதா என்று கேட்பது எளிது. ஆனால் குறியீடு கேட்பதற்குமுன், ‘எங்கள் சரக்கு இத்தகையது’ என்று எழுதிக்காட்ட வேண்டும். அதற்குப் பல பருவங்களின் சுவைப் பதிவேடு இன்றியமையாதது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. டெக்கீலாவின் புகழ் உயர்ந்தபோது கற்றாழை விலை ஏறியது. உழவர்கள் ஏராளமாக நட்டனர். அச்செடி முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகுமாதலால், எல்லாம் ஒருசேர முற்றிச் சந்தைக்கு வந்தபோது விலை சரிந்தது. பெயரின் பயன் ஆலைகளுக்குச் சென்றது, நட்டம் உழவரிடம் தங்கியது. நமது பனை ஆறேழு ஆண்டுகளில் பயன் தருவதன்று; சாறு தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே விலையை முன்கூட்டி ஒப்பந்தம் செய்யும் வலிமை தனி மனிதருக்கு இராது, சங்கத்துக்கே இருக்கும்.

கொள்முதல் நிலையத்தில் அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். “நீங்கள் கலக்க வேண்டாம், ஐயா, உங்கள் சரக்கின் சுவையை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம், அதற்குரிய விலை இதோ” என்று சங்கம் சொல்ல வேண்டும். அவ்விதம் சொல்வதற்குத் தேவையானவை மூன்று நாற்காலிகள், சில கண்ணாடிக் குவளைகள், ஒரு பதிவேடு. அடுத்த தைப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். கலயம் தூக்கி நெடுமரம் ஏறுபவர் நம்மிடம் வேண்டுவது இரக்கமன்று. தம் உழைப்பைச் சரியாக அறிந்துகொள்ளும் ஒரு நாவையே வேண்டுகிறார்.